ஒரு ரிங் போதும்

மருதாசலத்துக்கு உலகத்தில் மூன்றே விஷயங்கள்தான் தெரியும் என்பாள் திலகவதி. ஃபர்ஸ்ட் ஷிப்டு, செகண்ட் ஷிப்டு, நைட் ஷிப்டு. நாலாவதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் வயதை அவர் தாண்டிவிட்டாராம்.

அதில் பொய் இல்லை. மனுஷன் நெய்வேலிச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே போனான், எப்போது வெளியே வந்தான் என்று எழுதியவர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் ஓர் ஒண்டிக் குடித்தன வீட்டுக்கு வந்தார். வந்த மறுவருஷம் மனைவி கமலா போய்ச் சேர்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் விருத்தாசலம் வக்கீல் ஜெயகணேஷுக்குக் கேஸ்களில் சாட்சி தேடிக் கொடுக்கும் வேலையை ஒப்புக்கொண்டார். திலகவதி அந்த வக்கீலின் டைப்பிஸ்ட். நாற்பத்தைந்து வயது. சம்பளத்துக்கு டைப் அடிப்பாள், சந்தோஷத்துக்கு வாயடிப்பாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் மந்தாரக்குப்பத்தில் முனவராவின் வீட்டில் இருந்தார்கள். திங்கட்கிழமை சென்னையில் அவளுடைய கேஸ். கையில் மிச்சம் இருந்தது அந்த சனியும் ஒரு ஞாயிறும்தான்.

கேஸ் இதுதான். 2013 நவம்பரில், சுரங்கத்தில் கேபிள் திருடு போனதை விசாரிக்க வேண்டும் என்று முனவராவின் கணவன் சமியுல்லாவை ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அவன் கான்ட்ராக்ட் தொழிலாளி. அன்று சாயங்காலம் நாலு மணிக்கே விட்டுவிட்டோம் என்று ஸ்டேஷனில் ஒரு காகிதம் காட்டினார்கள். அதில் சாட்சி என்ற இடத்தில், பேரும் ஊரும் இல்லாத ஒரு கிறுக்கல் கையெழுத்து. விட்டதாகச் சொன்ன ஆள் மட்டும் வீடு வந்து சேரவில்லை. ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று முனவரா ஆட்கொணர்வு மனு போட்டது பத்தரை வருஷம் கழித்து, போன வருஷம்தான்.

"அங்கதான் சார் அரசு வக்கீல் புடிச்சுக்கிட்டாரு," என்றாள் திலகவதி. "லேச்சஸாம். காரணம் இல்லாம தாமதம் பண்ணா வர்ற தோஷம். உரிமையைத் தலைக்கு வெச்சுத் தூங்கினவங்களைக் கோர்ட்டு வந்து எழுப்பாதாம். ஆட்கொணர்வுல அவ்வளவு கெடுபிடி கிடையாதுன்னு நம்ம வக்கீல் சொல்றாரு. ஆனா ஏன் லேட்டுன்னு கேட்டா வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லணும்ல?"

தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முனவரா நிமிர்ந்தாள். "நான் தூங்கலக்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முனவராவிடம் காரணம் இருந்தது. அதுதான் சங்கடமே. ஒவ்வொரு ரம்ஜான் பெருநாளுக்கும் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது. 2014-இல் ஆரம்பித்து ஒன்பது வருஷம். ஒரே ஒரு ரிங், உடனே கட். புருஷன் எங்கேயோ உயிரோடு ஒளிந்திருக்கிறான், கேஸ் போட்டால் போலீஸ் தேடிப் பிடித்துவிடும் என்று அவள் பேசாமல் இருந்தாள். 2022-க்குப் பிறகு ரிங் வரவில்லை. இரண்டு பெருநாள் பார்த்தாள். மூன்றாவதுக்குக் காத்திருக்க தெம்பில்லாமல் கோர்ட்டுக்குப் போனாள்.

இதை அப்படியே மனுவில் சொன்னால் அரசு வக்கீல் சிரிப்பார். 'வருஷா வருஷம் போன் பண்ணுகிறவர் எப்படியம்மா காவலில் இருப்பார்?' என்று கேட்டால் கேஸே காலி. சொல்லாவிட்டால் தாமதத்திலேயே தள்ளுபடி. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. அந்த ஒன்பது ரிங்கையும் கொடுத்தது யார் என்று திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் மட்டுமே சமியுல்லாவை இனி யாராவது தேடுவார்கள்.

"நம்பரை வெச்சுத் தேட முடியாதா?" என்று கேட்டார் மருதாசலம்.

"ஒவ்வொரு வருஷமும் வேற வேற நம்பரு சார். நான் திருப்பிப் போட்டதே இல்ல. போட்டா போலீஸ் ஒட்டுக் கேப்பாங்கன்னு பயம்." முனவரா அலமாரித் தட்டைக் காட்டினாள். அதில் பட்டன் தேய்ந்த பழைய போன் ஒன்று சார்ஜில் கிடந்தது. "தைக்கக் குடுக்கறவங்களுக்கெல்லாம் வேற நம்பரு வெச்சிருக்கேன். இந்த நம்பரு அவருக்கு மட்டும்தான். வேற யாருக்கும் குடுக்கல."

கிட்டத்தட்ட மூன்று வருஷமாக அடிக்காத போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறாள். மருதாசலம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கமலா போன பிறகு ஒருநாள் அவரும் அவள் நம்பருக்குப் போன் செய்திருந்தார். ஒரு லாரி டிரைவர் எடுத்து, யார் வேணும் என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

"ஒரு ரிங் குடுத்தா அவருதான்னு எப்படிம்மா முடிவு பண்ணினே?"

"அது எங்க வழக்கம் சார். வேலைக்குப் போனா கேட்டுல நின்னு ஒரு ரிங் குடுப்பாரு. எடுக்கக் கூடாது. 'நல்லா இருக்கேன், உள்ள எறங்கறேன்'னு அர்த்தம். உள்ள போன் கொண்டுகினு போவ வுட மாட்டாங்கல்ல? டீக்கடையில குடுத்துட்டுத்தான் போவாரு."

"ரிங் வந்த நேரம் ஞாபகம் இருக்கா?"

முனவரா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே மாதக் காலண்டர் தாள்கள், வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பது. ஒவ்வொன்றிலும் ஒரு தேதியைச் சுற்றி நீல மையில் வட்டம், பக்கத்தில் மணி. மருதாசலம் அவற்றைப் பாயில் பரப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பது தாளிலும் மூன்றே நேரம்தான் இருந்தது. காலை ஐந்தேகால், பகல் ஒன்றேகால், ராத்திரி ஒன்பதேகால்.

"ஆறு மணி, ரெண்டு மணி, பத்து மணி ஷிப்டுக்கு முக்கால் மணி முந்தி," என்றார்.

"ஆமாங்க சார். எங்கியோ ஷிப்டு வேலையில இருக்காருன்னு நெனச்சுக்கினேன்."

திலகவதி தலையில் அடித்துக்கொண்டாள். "உலகம் பூரா ஆறு, ரெண்டு, பத்துன்னுதான் சங்கு ஊதுதுன்னு நெனைக்கறது இந்த ஊர்ல பொறந்தவங்களுக்கு மட்டும் வர்ற வியாதி. எங்க மாமியார் காசிக்குப் போயி, 'செகண்ட் ஷிப்டு வுட்டுட்டாங்களா'ன்னு கேட்டாங்க!"

"சமியுல்லா எந்த ஷிப்டும்மா?"

"அவருக்கு ஜெனரல் ஷிப்டு. காலைல ஏழரைக்கு ரிங் வரும்."

"கான்ட்ராக்ட் ஆளு, ஜெனரல் ஷிப்டு. இந்த மூணு நேரமும் பர்மனென்ட் ஆளோட நேரம்." மருதாசலம் இரண்டு தாள்களைத் தனியாக எடுத்தார். "இதுல வட்டம் பெருநாள்ல இல்லியே? மறுநாள்ல இருக்கு."

"பதினஞ்சுலயும் பதினெட்டுலயும் ஒருநா தள்ளித்தான் வந்துச்சு. ஊருக்கு ஊரு பிறை மாறும் சார். அவரு இருக்கற ஊர்ல மறுநாளு பெருநாளா இருக்கும்னு நெனச்சேன்."

தாளில் பெருநாளின் கிழமையைப் பார்த்தார் மருதாசலம். 2015 பெருநாள் சனிக்கிழமை. 2018 பெருநாளும் சனிக்கிழமை. இரண்டு தடவையும் ரிங் வந்தது ஞாயிற்றுக்கிழமை. மற்ற ஏழு பெருநாளும் வேறு கிழமைகள்.

"பிறையுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார். "அந்த ஆளுக்கு சனிக்கிழமை வீக்லி ஆஃப். அன்னிக்கு அவன் கேட்டுக்கே வரலீங்க. வந்தாத்தான் ரிங்."

அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று முனவராவுக்குப் புரிந்துவிட்டது. அவன், அந்த ஆள் என்று அவர் சொன்னபோதெல்லாம், அது தன் புருஷன் இல்லை என்று ஆகிக்கொண்டே வந்தது. அவள் எழுந்து போய், போனில் சார்ஜர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் எதுவும் முடிவாகலம்மா," என்று சொன்னார் மருதாசலம். அது பொய் என்று மூவருக்கும் தெரியும்.

சுரங்கத்தின் கேட்டுக்கு எதிரே கமாலுதீன் டீக்கடை. மூன்று ஷிப்டுக்கும் அடுப்பு எரியும். கடை ஓரத்தில் ஒரு மரப்பெட்டி, அதில் தடுப்புத் தடுப்பாக முப்பது நாற்பது போன்கள். உள்ளே இறங்குகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் திலகவதி மருதாசலத்தின் முழங்கையை இடித்தாள்.

"வருஷத்துக்கு ஒரு புது நம்பர் எங்க கெடைக்கும்னு கேட்டீங்களே? இதோ சார், நம்பர் சந்தை!"

மணி ஒன்றே கால். ரெண்டு மணி ஷிப்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மருதாசலம் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார். "பாய், ரம்ஜான் பெருநாளுக்கு கடை உண்டா?"

"உண்டுங்க. நான் தொழுவப் போனா தம்பி பாத்துக்குவான். பெருநாளன்னிக்கு டீக்குக் காசு கெடையாது. கேட்டுக்கு வர்ற எல்லாருக்கும் வூட்டுல வெச்ச சேமியா பாயசம்."

"எல்லாரும் வாங்கிக்குவாங்களா?"

"விரதம் இருக்கறவன்கூட வாங்கிக் குடிச்சுடுவான்!" கமாலுதீன் சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்து சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "ஒரே ஒருத்தர் மட்டும் வாங்க மாட்டாரு. 'வேணாம் பாய், ஒரு போன் குடு'ம்பாரு. என் போன்ல சார்ஜ் இல்லம்பாரு. வருஷா வருஷம் பெருநாளன்னிக்கோ மறுநாளோ மட்டும் எப்படிங்க ஒருத்தருக்கு சார்ஜ் போயிடும்? நானும் கேட்டுக்கினதில்ல. கைக்குக் கெடைச்ச போனை எடுத்துக் குடுப்பேன். அதோ, அந்தத் தூணுக்குப் பின்னாடி போயி நிப்பாரு. அடுத்த நிமிஷம் திருப்பிக் குடுத்துடுவாரு."

"அவருக்கு சனிக்கிழமை வீக்லி ஆஃபா?"

கமாலுதீன் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

"ரெண்டாயிரத்து இருபத்திரண்டு பெருநாளுக்கு அப்புறம் ரிட்டயர் ஆயிருப்பாரு."

"அந்த மே மாசக் கடைசியில ஆனாருங்க. நிலக்கரி ஓடற பெல்ட்டுல ஆபரேட்டரு. வைத்திலிங்கம்."

திலகவதி டீயை மடமடவென்று குடித்து முடித்தாள். "சார் இதுக்கு மந்திரம் போட்டதா நெனைக்காதீங்க பாய். இவருக்கு மனுஷ மூஞ்சி மறந்துடும், ஆஃப் மறக்காது."

வைத்திலிங்கம் இப்போது குள்ளஞ்சாவடிப் பக்கம் இருப்பதாகக் கமாலுதீன் சொன்னார். திலகவதியின் ஸ்கூட்டியில் வடலூர் வழியாகப் போனார்கள். வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள், மருதாசலம் உம் கொட்டிக்கொண்டே போனார். சமியுல்லாவின் சிநேகிதனாக இருப்பான், பாவம் பார்த்துச் செய்திருப்பான் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்பது வீட்டைப் பார்த்ததும் லேசாக உறைத்தது. சந்தைக்குப் பின்னால், முந்திரி மரங்களுக்கு நடுவே ஒற்றை அறை வீடு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். பெண்டாட்டி பண்ருட்டியில் மகளோடு இருக்கிறாளாம். சிநேகிதனுக்கு நல்லது செய்தவன் இப்படித் தன்னைத் தனியாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள மாட்டான். தன் வீட்டிலும் ஒரு நாற்காலிதான் என்பது மருதாசலத்துக்கு நினைவு வந்தது. ஆனால் அவர் அதை விரும்பி வைத்துக்கொள்ளவில்லை.

மெலிந்த மனிதர் வெளியே வந்தார். மருதாசலம் அவர் முகத்தைப் பார்த்து, "நாலாயிரத்து இருநூத்துப் பதினாறு," என்றார். அது வைத்திலிங்கத்தின் டோக்கன் நம்பர்.

"டைம் ஆபீஸ் ஐயா!" வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்தது. நாற்காலியை எடுத்துப் போட்டுத் துண்டால் தட்டினார். "உக்காருங்க. நம்ம வூடு தேடி யாருமே வர்றதில்லீங்க."

மருதாசலம் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. "பெருநாள் பாயசம் ஏன் வைத்தி வாங்க மாட்டே?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவர் தரையில் உட்கார்ந்தார். "எப்படிங்க எறங்கும் அது தொண்டையில?" என்றார். "அவன் வூட்டுல அன்னிக்கு அடுப்பு எரிஞ்சுதோ என்னமோ."

பிறகு தானாகவே சொன்னார். சொல்வதற்காகவே அத்தனை வருஷம் காத்திருந்தவர் மாதிரி, நிறுத்தாமல் சொன்னார். பெல்ட்டுக்குப் பக்கத்தில் அறுத்த கேபிள் துண்டு கிடந்தது. அங்கே யார் வேலை செய்தார்கள் என்று போலீஸ் கேட்டது. தன் பர்மனென்ட் வேலைக்கு உலை வந்துவிடுமோ என்ற பயத்தில், வாயில் முதலில் வந்த பேரைச் சொல்லிவிட்டார். சமியுல்லா.

"அன்னிக்கு ராத்திரி செகண்ட் ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்தேன். கேட்டுலயே ஜீப்பு நின்னுக்கினு இருந்துச்சு. ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயி ஒரு காயிதத்துல கையெழுத்து போடுன்னாங்க. எழுதாத காயிதம். போட்டேன்."

மருதாசலத்தின் முதுகு நிமிர்ந்தது. பையிலிருந்து ஸ்டேஷன் காகிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். சாயங்காலம் நாலு மணிக்கு சமியுல்லாவை விட்டுவிட்டதாகச் சொல்லும் காகிதம். பத்து நாளாக அந்தக் கிறுக்கலுக்குச் சொந்தக்காரரை அவர் மந்தாரக்குப்பம் முழுக்கத் தேடியிருந்தார்.

வைத்திலிங்கம் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "என்துதான்," என்றார்.

"நாலு மணிக்கு நீ எங்க இருந்தே?"

"பெல்ட்டுலதாங்க. ரெண்டு டு பத்து."

"நீ வந்த நேரம், போன நேரம் மஸ்டர் நோட்டுல இருக்கும்," என்றார் மருதாசலம். "என் கையாலயே எழுதியிருப்பேன்."

திலகவதி அந்த நகலை வாங்கிப் பார்த்தாள். "அப்ப நாலு மணிக்கு அவரை விடவே இல்ல," என்றாள் மெதுவாக. "போன் பண்ணதும் அவரு இல்ல. சார், கேஸ் நிக்குது. லேட்டுக்குக் காரணமும் இருக்கு, காவலுக்குச் சாட்சியும் இருக்கு. ரெண்டும் ஒரே ஆளு."

"அவனை நீ பாத்தியா?" என்று கேட்டார் மருதாசலம்.

"பாத்தேங்க." வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "பத்தரை மணி இருக்கும். கம்பிக்குப் பின்னாடி உக்காந்துக்கினு இருந்தான். ஒரு கண்ணு வீங்கிக் கெடந்துச்சு. நான்தான் பேரு சொன்னேன்னு அவனுக்குத் தெரியாது. என்னையப் பாத்து சிரிச்சான். 'அண்ணே, வூட்டுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துடு. பயந்துக்கினு இருப்பா. ஒரு ரிங் போதும்'னான். நம்பரையும் சொன்னான். கேட்டுல தெனம் அவன் ரிங் குடுக்கறதப் பாத்தவன் நான். சரிடான்னு சொல்லிட்டு வந்தேன்."

"குடுத்தியா?"

"குடுக்கல. என் போன்ல இருந்து போனா மாட்டிக்குவேன்னு பயம். மறுநாளு குடுக்கலாம்னு பாத்தேன். மறுநாளு அவன் ஸ்டேஷன்ல இல்லன்னாங்க. நேரா அந்தப் பொண்ணுகிட்ட போயிச் சொல்ல தைரியம் வரல. அடுத்த வருஷம் பெருநாளன்னிக்கு பாய் பாயசத்தை நீட்டுனாரு. தாங்க முடியாம, அவரு போனை வாங்கி அடிச்சேன். அப்புறம் வருஷா வருஷம் கேட்டுல நின்னா கை தானாப் போவும். அந்தப் பொண்ணுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு நெனச்சேங்க. ரிட்டயர் ஆனப்புறம் யாரு போனைக் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்."

அந்த ஆறுதல்தான் அவளைப் பத்தரை வருஷம் கோர்ட்டுப் படி ஏறவிடாமல் செய்தது. மருதாசலம் கோபப்படப் பார்த்தார். முடியவில்லை. ஒரு நம்பருக்கு ரிங் கொடுத்துவிட்டு, மறுமுனையில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"திங்கட்கிழமை சென்னையில ஜட்ஜு முன்னாடி இதைச் சொல்லணும்," என்றார். "பேரு சொன்னதையும் சேர்த்து. பென்ஷன், போலீஸ், என்ன வேணா வரலாம். வருவியா?"

வைத்திலிங்கம் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "வர்றேங்க," என்றார். "ஆனா ஜட்ஜுகிட்ட சொல்றதுக்கு முந்தி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். இதுவும் லேட்டானா நான் மனுஷனே இல்ல."

சட்டைப் பையிலிருந்து தன் சொந்த போனை எடுத்தார். யாரிடமும் கேட்காமல் பத்து இலக்கத்தையும் அழுத்தினார். மருதாசலத்துக்கு அப்போதுதான் அலமாரித் தட்டு நினைவுக்கு வந்தது. அந்த நம்பரில் யார் கூப்பிட்டாலும் முனவராவுக்கு அது ஒரே ஒரு ஆள்தான். வேண்டாம், நேரில் போகலாம் என்று சொல்ல அவர் எழுந்தார். அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

முதல் ரிங். வைத்திலிங்கத்தின் கட்டைவிரல் பழக்கத்தில் சிவப்புப் பட்டனுக்குப் போயிற்று. அவர் விரலை இழுத்துக்கொண்டார். இரண்டாவது ரிங். மூன்றாவது. எடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய வழக்கம் என்று முனவரா சொல்லியிருந்தாள். அவள் அந்தத் தட்டுக்கு முன்னால் நிற்பது மருதாசலத்துக்குக் கண்ணால் பார்ப்பது போல் தெரிந்தது. நாலாவது ரிங். ஐந்து. ஆறு.

எடுத்துவிட்டாள். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, காலையில் அவர்களிடம் பேசிய குரலே இல்லை அது, பதினோரு வருஷம் சின்னவளாகிவிட்ட ஒரு குரல் கேட்டது.

"என்னங்க? நீங்களா?"

திலகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வைத்திலிங்கம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. என் பேரு வைத்திலிங்கம். உன் வூட்டுக்காரரு உனக்கு ஒரு தகவல் சொல்லச் சொன்னாரு," என்றார். "சொல்றதுக்கு எனக்குப் பதினோரு வருஷம் ஆயிடுச்சு."